போக மறுத்த நூறு

வாகைப்பட்டியில் கொம்பையா, சங்கிலி, வெள்ளையன் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூளையைத் தேயவிடாமல் பத்திரமாக வைத்திருப்பதில் அவர்களுக்கு நிகர் அந்த வட்டாரத்தில் கிடையாது.

அன்று கொம்பையா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுக்கு வருகிற நேரம், சாம்பாருக்குப் பருப்பு இல்லை. மனைவி ஆவுடையம்மாள் பையை நீட்டினாள்.

"கேட்டதைக் கொடுத்துட்டு ஏமாந்து நிக்காதீங்க. துவரம்பருப்பு கிலோ என்ன விலைன்னு கேட்டு, மனசுல நல்லா வச்சுக்கிட்டு வாங்க."

மூவரும் போய்க் கேட்டார்கள். "நூத்தி நாப்பது ரூபாய்" என்றார் கடைக்காரர்.

"பெரிய விலை. ஒரு ஆள் சுமக்க முடியாது" என்றார் கொம்பையா. "நூறு என்கிட்ட இருக்கட்டும். நாப்பது சங்கிலிக்கு. வெள்ளையா, நீ ரூபாயை வச்சுக்கோ."

வெள்ளையன் முகம் வாடிவிட்டது. "எனக்கு மட்டும் நம்பர் இல்லையா அண்ணே?"

"மடையா! நீ மறந்துட்டா நூத்தி நாப்பது என்னன்னு யாருக்குத் தெரியும்? பூசணிக்காயா, எருமைமாடா?"

பருப்பு கடையிலேயே இருந்தது. விலை மட்டும் வீட்டுக்குப் புறப்பட்டது.

பாதி வழியில் சங்கிலிக்கு ஒரு தும்மல். தும்மிவிட்டுப் பார்த்தால் நாற்பதைக் காணோம். மூவரும் குனிந்து தெருவெல்லாம் தேடினார்கள்.

"இப்ப மிச்சம் என்னடா?"

"நூறு ரூபாய்தான் அண்ணே."

"அட, விலை இறங்கிருச்சு! நானும் மறந்துட்டா பருப்பு சும்மாவே கிடைக்குமே!"

திரும்பி ஓடினார்கள். கொம்பையா கடை வாசலில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, நூறை மறக்க உட்கார்ந்தார். தம்பிகள் துணைக்கு உட்கார்ந்தார்கள். ஆயுசில் எந்த விலையும் தங்காத அந்தத் தலையில், நூறு மட்டும் வாடகை வீட்டுக்காரன் மாதிரி காலி செய்ய மறுத்தது. கொம்பையாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வழியாக மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வேலாயுதம் பதறி இறங்கினார். "சம்பந்தி, என்ன ஆச்சு?"

"நாப்பது போயிருச்சு. நூறுதான் போகமாட்டேங்குது."

வேலாயுதம் துண்டால் கண்ணைத் துடைத்தார். "நாப்பது வயசுக்காரர் போயிட்டாரா! நூறு வயசுப் பெரியவர் இழுத்துக்கிட்டுக் கிடக்காரா! நிச்சயத்தை அப்புறம் பார்த்துக்குவோம்." பக்கத்துப் பூக்கடைக்குப் போனார். "ரெண்டு மாலை கொடும்மா. எப்படியும் தேவைப்படும். என்ன விலை?"

"ஒரு மாலை நூறு ரூபாய்."

மறுபடி கண்ணை மூடியிருந்த கொம்பையா துள்ளி எழுந்தார். "ஐயோ, இப்பத்தான் போச்சு! அதுக்குள்ள திரும்பி வந்துருச்சே!"

வேலாயுதம் வேனைப் பார்த்துக் கத்தினார்: "பெரியவருக்கு உயிர் திரும்பிருச்சாம்! எல்லாரும் சீக்கிரம் வாங்க, மறுபடி போறதுக்குள்ள நிச்சயத்தை முடிச்சுடலாம்!"