தேயாமல் வெளுத்த செருப்பு

நாலு ஊர் மாறியும் நன்மாறனுக்கு ஓர் ஊர் அமையவில்லை.

வேலை அவனைக் கட்டிப்போடவில்லை. எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் செய், சம்பளம் வந்து சேரும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதுதான் வினை. கோயம்புத்தூரில் இருந்தபோது புதுச்சேரியைத் திரையில் பார்த்தான். புதுச்சேரிக்குப் போனதும் திருச்சூரைப் பார்த்தான். திருச்சூரில் உட்கார்ந்து பாளையங்கோட்டையைப் பார்த்தான். பாளையங்கோட்டையில் பெட்டியை இறக்கி வைத்த அன்றே மைசூரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஜெசிந்தா டீச்சர் வீட்டின் பக்கவாட்டு அறையில் குடியிருந்தான். தனி வாசல். அந்த வாசலுக்கு வெளியே அவன் செருப்பு கிடந்தது. ஒரே ஒரு ஜோடி.

செருப்பை உள்ளே விடுவதில்லை. பெட்டிக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. பஸ் நிலையம், சாக்கடை ஓரம், டீக்கடை வாசல் எல்லாம் உருண்டுவிட்டு அது நேராக உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்.

"நாம காலைச் சுமக்கிறோம். அது சட்டையைச் சுமக்குது. சட்டைக்கு இருக்கிற மரியாதை காலுக்கு இல்லை பார்," என்றது இடது செருப்பு.

"சும்மா கிட," என்றது வலது. அதற்கு வம்பு பிடிக்காது.

சும்மாதான் கிடந்தன. அதுதான் தொல்லையே. சோறு கதவுக்கு வந்தது. காய்கறி கதவுக்கு வந்தது. சோப்பும் சீப்பும்கூடக் கதவுக்கு வந்தன. அவன் வெளியே வர ஒரு காரணமும் இல்லை. வெயில் மட்டும் தவறாமல் வந்தது. காபி நிறத்தில் இருந்த வார், வெளுத்துச் சாம்பலாயிற்று. அடிப்பாகமோ கடையில் வாங்கிய அன்று எப்படியோ அப்படியே இருந்தது.

உள்ளே அவன் நடந்துகொண்டேதான் இருந்தான். கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில். உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் விரல் திரையில் ஏதாவது ஓர் ஊரைத் தேடும்.

"இந்த ஊருக்கு என்ன மார்க்?" என்று லேப்டாப்பிடம் கேட்டான்.

லேப்டாப்புக்கு ஆபீஸ் தோரணை. "நெட் நல்ல வேகம். வாடகை குறைவு. கரன்ட் அதிகம் போவதில்லை. ஆனாலும் மொத்தத்தில் இடிக்கிறது."

"எங்கே இடிக்குது?"

"'மனசுக்குப் பிடித்திருக்கிறதா' என்று ஒரு கட்டம் போட்டீர்கள். அதை நிரப்பவில்லை. நிரப்பாததற்குப் பூஜ்யம் போடச் சொன்னதும் நீங்கள்தான்."

"மத்த ஊருக்கெல்லாம்?"

"அங்கேயும் பூஜ்யம்தான்."

"அப்போ கிளம்பலாமா?" என்றது பெட்டி. அதற்குத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். சக்கரம் வைத்த ஜென்மம்.

மறுநாள் காலையில் நன்மாறன் போனில் யாரிடமோ பேசினான். வாசலில் கேட்டது.

"இன்னிக்குச் சாயங்காலம் மைசூர் பஸ்டா. ஆமா, இதுவும் சரிப்படலை... ஷூவா? செருப்புதான் இருக்கு. வெயில்ல வெளுத்துப்போச்சு. அங்கே இறங்கினதும் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்."



"அடி தேயவே இல்லையே," என்றது வலது. "நடந்து தேய்ந்து போனால் நியாயம். கிடந்து வெளுத்ததற்கா தூக்கிப் போடுவது?"

"அவன் இங்கேயே இருந்தால் நாம இருப்போம். போனால் நாம குப்பை. அவ்வளவுதான் கணக்கு," என்றது இடது. "ஏதாவது செய்யணும்."

"என்ன செய்வாய்? உனக்கு வாயா, கையா?"

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்தது. தெருநாய். ஒரு காது கிழிந்தது. தினமும் காலையில் ஒரு வீடு விடாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதால் டீச்சர் வைத்த பெயர்.

"இன்ஸ்பெக்டர், கொஞ்சம் நில்லு," என்றது இடது.

"என்னலே?"

"என்னைத் தூக்கிட்டுப் போ."

நாய் மோந்து பார்த்தது. "தோலா, ரப்பரா?"

"ரப்பர்."

"ரப்பர் ஒத்துக்கிடாது. பல்லு ஆடுது."

"உன்னைத் தின்னச் சொல்லலை. கவ்விக்கிட்டு ஓடு. அவன் உன்னைத் துரத்துவான்."

கிழிந்த காது நிமிர்ந்தது. "துரத்துவானா? நெசமாவா? என்னைய ஒரு ஆளு துரத்தி எம்புட்டுக் காலமாச்சு! கெழடு தட்டிட்டுன்னு எல்லாரும் பிஸ்கட்டுல்லா போடுதானுவ. மானக்கேடு."

"டேய், வேண்டாம்," என்று பதறியது வலது. "ஒத்தைச் செருப்பை எவன் வைத்துக்கொள்வான்? நீ போன அடுத்த நிமிஷம் நான் குப்பைத் தொட்டியில் இருப்பேன்."

"மைசூர் போனா ரெண்டு பேரும் குப்பை. இப்போ பாதிக்குப் பாதி."

"எந்தப் பாதி பிழைக்கும்? அதைச் சொல்லிவிட்டுப் போ!"

அதற்குள் நாய் கவ்விவிட்டது.

சாயங்காலம் நன்மாறன் கதவைத் திறந்தான். பெட்டி முதலில் வந்தது, பல்லை இளித்துக்கொண்டு. வாசலில் ஒற்றைச் செருப்பு. குனிந்து பார்த்தான், படிக்குக் கீழே பார்த்தான். நிமிர்ந்தபோது தெருமுனையில் நாய் நின்றது. வாயில் இடது செருப்பு. அவன் பார்க்கட்டும் என்றுதான் நின்றது. பார்த்தான். ஓடியது.

அடையாளத்துக்கு வலது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இவனும் ஓடினான்.

இஸ்திரி வண்டி இசக்கியப்பன் தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார். "ஏ டீச்சர்! ஒங்க வீட்டுத் தம்பி செருப்பைக் கழத்திக் கையில எடுத்துட்டாரு! யாரையோ அடிக்க ஓடுதாரு!"

டீச்சர் கரண்டியோடு வெளியே வந்தார். "தம்பி! நில்லுங்க! என்ன இருந்தாலும் பேசித் தீத்துக்கிடலாம்!"

நன்மாறன் நின்றான். மூச்சு வாங்கியது. "அடிக்கப் போகலை டீச்சர். நாய் தூக்கிட்டுப் போயிருச்சு. இதோட ஜோடி." வலது செருப்பை உயர்த்திக் காட்டினான். பிறந்ததிலிருந்து தரையைவிட்டு ஏறாத அது கூசிப்போயிற்று.

இசக்கியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்ஸ்பெக்டரா? சரியாப்போச்சு. வாய்க்கா பக்கந்தான் போவும். இடது கைப்பக்கமா ஓடுங்க. பள்ளம் கெடக்கு, பாத்து!"

ஓடினான். தார் ரோடு சுட்டது. நாய் வாய்க்கால் பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தது. நெருங்கினால் ஓடியது. நின்றால் நின்றது. விளக்குப் போடும் நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினான்.

"பஸ் போயிற்று," என்றது பெட்டி.

"ஒரு மீட்டிங்கும் போயிற்று," என்றது லேப்டாப். "புதுச் செருப்புக்கு ஆர்டர் போட்டுவிடலாமா?"

"வேண்டாம். அந்த நாய் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சுது."

"நாய் சிரிக்காது."

"நீ பார்க்கலை."

 லேப்டாப் எதையும் பார்க்கவில்லைதான்.

மறுநாள் சாயங்காலம் இசக்கியப்பன் ஜன்னலைத் தட்டினார். "தம்பி, ஒங்க செருப்பை மார்க்கெட்டுல பாத்தேன். வாயில வச்சிக்கிட்டு மீன்காரம்மாவ வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கு." நன்மாறன் ஓடினான். நாய் இல்லை. "இப்பந்தான் போவுது, ஊசிக்கோபுரச் சர்ச் பக்கம்," என்றாள் மீன்காரி. அங்கே ஓடினான். இல்லை. அப்புறம் பூக்கடைக்காரர் பார்த்தார். அப்புறம் பஞ்சர் கடைக்காரர் பார்த்தார். பார்த்தவர்கள் எல்லாரும் டீச்சர் வீட்டுக்குத் தகவல் அனுப்பினார்கள். 'ஒத்தச் செருப்புத் தம்பி' என்று பெயரே விழுந்துவிட்டது.

மைசூர்ப் பயணத்தைத் தள்ளிப் போட்டான். பிறகு மறுபடியும் தள்ளிப் போட்டான். பெட்டி ஜிப்பைப் பூட்டியபடி கதவோரம் நின்று புழுங்கியது.

வாய்க்கால் பாலத்துக்கு அடியில் இடது செருப்பு மல்லாந்து கிடந்தது. "உன் எச்சில் நாற்றம் தாங்கலை. இன்னிக்கு எங்கே?"

"கோட்டைத் தெரு. ஒன் ஆளு இன்னும் அந்தப் பக்கம் வரலை." நாய் நாக்கைத் தொங்கவிட்டிருந்தது. "இப்பம் நல்லா ஓடுதான். மொதநாளு நொண்டினான். நேத்து எனக்கே மூச்சு முட்டிட்டு."

"அறையில் நடந்த அதே நடைதான். இங்கே சுவர் இல்லை, அவ்வளவுதான்," என்றது செருப்பு.

இப்படி இருக்கையில் ஒருநாள் டீச்சர் வந்து நின்றார். "தம்பி, காலி பண்ணுதேன்னு சொன்னிய. பெட்டியும் கட்டி வச்சிருக்கிய. ஒரு பிள்ளை வீடு பாக்க வந்திருக்கு. காட்டலாம்லா?"

"காட்டுங்க," என்றான். வாய் சொல்லிவிட்டது.

விசாலி என்று ஒருத்தி. தோளில் லேப்டாப், பின்னால் உருளும் பெட்டி. ஷூவைக் கழற்றி வாசலில், வலது செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வலது கணக்குப் போட்டது. இவள் வந்தால் அவன் போவான். அவன் போனால் தீர்ந்தது.

"பளபளவென்று இருக்கிறீர்களே. நடப்பதே இல்லையா?" என்று ஷூக்களைக் கேட்டது.

"எங்கே நடக்க? ஊர் ஊராக வாசலில்தான் கிடக்கிறோம்," என்றன அவை.

உள்ளே விசாலி சுவரைப் பார்த்தாள், பிளக் பாயின்டை எண்ணினாள், நன்மாறனிடம் திரும்பினாள். "நீங்களும் என்னை மாதிரிதானாமே? கோயம்புத்தூர், கொச்சி எல்லாம் இருந்து பாத்துட்டேன். எதுவும் செட் ஆகலை. இந்த ஊர் எப்படிங்க?"

லேப்டாப் மார்க்கை நீட்டத் தயாரானது. நன்மாறன் அதன் பக்கம் திரும்பவில்லை.

"சரியில்லைங்க," என்றான். "வெயில் இறங்கின பிறகும் ரோடு சுடும். மேற்குப் பக்கம் வேப்பமர நிழலை ஒட்டியே நடக்கணும், அது பாலத்தோட முடிஞ்சிரும். வாய்க்கால்ல கொசு. மார்க்கெட்ல மீன்காரம்மா விலை கேட்டுட்டு வாங்காம வந்தா நாலு தெருவுக்குக் கேக்குற மாதிரி வைவாங்க. ஊசிக்கோபுரத்துக்குப் பின்னாடி ஒரு வீட்ல யாரோ ஆர்மோனியம் பழகுறாங்க, தினம் ஒரே இடத்துல தப்பு. நின்னு கேட்டா நமக்கே திருத்தணும்போல இருக்கும். இஸ்திரிக்காரர் பேச ஆரம்பிச்சா விடமாட்டார். ஒரு திருட்டு நாய் வேற. வேண்டாங்க. நீங்க மைசூர் போங்க. நல்ல ஊராம்."

"இதெல்லாம் என்னிடம் இல்லையே," என்று முனகியது லேப்டாப். "எந்தக் கட்டத்தில் எழுதுவது?"

விசாலி அவனை உற்றுப் பார்த்தாள். "இவ்வளவு மோசமான ஊர்ல இருந்து நீங்க எப்போ காலி பண்றீங்க?"

நன்மாறன் பெட்டியைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். 

"காலி பண்ணலை."

டீச்சர் இடுப்பில் கை வைத்தார். "ஏன் தம்பி, இருக்கேன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? என் ஊரை எதுக்கு இப்படி வையுதிய? கொசுவாம்லா கொசு! மைசூர்ல கொசு என்ன, பரதநாட்டியமா ஆடுது?"

"வஞ்சாத்தானே டீச்சர் அவங்க போவாங்க."

"போவணுமா? எதுத்த வீட்டுல ஒரு அறை காலியாத்தான் கெடக்கு. நீ வாம்மா, நான் காட்டுதேன். இவரு பேச்சக் கேக்காத."

"வேண்டாம் ஆன்ட்டி. இன்னும் ரெண்டு ஊர் பாக்க வேண்டியிருக்கு. ராத்திரி பஸ்," என்றாள் விசாலி.

அவன் இனிப் போகமாட்டான் என்று தெரிந்ததுபோல் வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றது. வாயில் இருந்ததைப் பொத்தென்று போட்டது. நனைந்து, மண் அப்பி, வாரில் பல் பதிந்து இடது செருப்பு விழுந்தது.

"நாறுகிறாய்," என்றது வலது. 

"நீ மட்டும் என்ன? கையில ஏறி ஊர்வலம் போனியாமே."

"ஜோடி மாதிரியே இல்லை நாம்."

"கால் ரெண்டும் ஓர் ஆளோடதுதானே. போதும்."

நாய் இவற்றின் பேச்சைக் கேட்க நிற்கவில்லை. பளபளப்பான ஷூ ஒன்றை மோந்தது. "இது தோலு!" என்றது. கவ்வியது. அவள் பார்க்கட்டும் என்று தெருமுனையில் போய் நின்றது.

விசாலி பார்த்தாள்.

"ஐயோ, என் ஷூ!" மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். நன்மாறன் இரண்டு செருப்பிலும் காலை நுழைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். "இடது பக்கமா போங்க! பள்ளம் இருக்கு, பாத்து!"

ராத்திரி பஸ் போயிற்று. நன்மாறனின் பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. விசாலியின் பெட்டி எதிர்த்த வீட்டு அறைக்குப் போயிற்று. செருப்பின் அடி தேய ஆரம்பித்தது.

அவர்களை ஊரில் இருத்தியது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டீச்சர் தன் வீடு என்பார். இசக்கியப்பன் தன் வாய் என்பார். லேப்டாப் மார்க்கைத் திருத்தி எழுதிவிட்டு, தான்தான் என்கிறது. செருப்புகளிடம் கேளுங்கள். தெரியும்.

இன்ஸ்பெக்டர்.