ஆறு பிரதிகள்

பாளையங்கோட்டையில் வீடியோ எடிட்டிங் சொல்லித்தரும் ரெஹானாவுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் பாடம் கேட்கும் பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்தொன்று. இருபது வருஷம் கல்யாண வீடியோ எடுத்த மனிதர், ரெண்டு வருஷம் குளத்துச் சேற்றில் நின்று பறவைகளைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார்.

பார்த்துக் கருத்துச் சொல்ல ஐந்து பேருக்குப் பிரதி கொடுக்க இருந்தார். வெளியே கசிந்தால் யாருடைய பிரதி என்று தெரிய வேண்டுமே! ஒவ்வொன்றின் காட்சிகளுக்குள்ளும் ஒன்று முதல் ஐந்து வரை, கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணை ரெஹானா ஒளித்து வைத்தாள். பிறகு அவர் கையில் இருந்த பிரதியையும் கேட்டாள்.

"எனக்கு எதுக்கு டீச்சர் குறி? என் படத்தை நானா திருடப் போறேன்?"

அவள் அந்தப் பிரதிக்குள்ளும் பூஜ்ஜியம் என்ற எண்ணை ஒளித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒரே மாதத்தில் படம் முழுசாக இணையத்தில் வந்துவிட்டது. எவனோ தன் பெயரைப் போட்டு ஏற்றியிருந்தான். பேச்சிமுத்து அதை அப்படியே இறக்கிக்கொண்டு ஞாயிறு காலையிலேயே ரெஹானாவிடம் வந்து நின்றார்.

"யாருன்னு எனக்குத் தெரியும். மூணாம் நம்பர். என் தங்கச்சி மாப்பிள்ளை. 'நெட்ல போட்டா லட்சம் பேர் பாப்பான்'னு அவன்தான் சொன்னான்."

"தெரியும்னா உள்ள இருக்கிற நம்பரை நான் எதுக்குப் படிக்கணும்?"

"உறுதியாகட்டும். இன்னைக்கு அவன் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடிக்கு வேற ஆளைப் பாருன்னு போன்லயே சொல்லிட்டேன். தங்கச்சி அழுதா. அழட்டும்."

ரெஹானா படத்தைக் கணினியில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

பூஜ்ஜியம்.

"மிஷின் தப்பாச் சொல்லுது. மறுபடி பாருங்க."

படத்தின் வேறொரு பகுதியை எடுத்துப் பார்த்தாள். அதிலும் பூஜ்ஜியம்தான்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன மாதம் போஸ்டருக்கு ஒரு கொக்குப் படம் வேண்டும் என்று அச்சுக்கடையில் கேட்டிருந்தார்கள். இவர் தன் பிரதி இருந்த பென்டிரைவையே தூக்கிக் கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்துப் போய் வாங்கி வந்தார். வெட்கத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது.

"இந்தக் குறியை அழிச்சிரலாமா டீச்சர்?"

"அழியிற மாதிரியா போட்டிருக்கேன்?"

அவர் கையில் இருந்த பைக் சாவியை மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுவேன்?"

ரெஹானா கணினியை அணைத்தாள். மேஜையில் கிடந்த அவருடைய பைக் சாவியை எடுத்து நீட்டினாள்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு, அண்ணாச்சி?"