குதிரைக்கு ஒரு கூரை

கண்மாய்த் தண்ணீர் கைவிட்டுப் போன நான்காம் நாள், ஊர்த்தலைவர் தாண்டவராயர் தன் குருவைத் தேடி மலையடிவாரத்துக்கு வந்தார். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் காலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"மடையைத் திறக்கிற உரிமை இனிமே பக்கத்து ஊருக்காம் சாமி. நாங்களே எழுதிக் கொடுத்துட்டோமாம்."

"கொடுத்தீங்களா?"

"கரையைச் சீர் பண்ணணும்னு ஒரு தாளைக் கொண்டாந்தாங்க. நாப்பது பேர் கைநாட்டு வச்சோம். நான் ஒருத்தன்தான் கிழவன். மத்தது பூராவும் முப்பது வயசு தாண்டாத பயலுக."

"வாசிச்சுப் பாக்கலையா?"

"வாசிச்சாங்களே சாமி. அந்த ஊர்க்காரங்கதான் வாசிச்சுக் காட்டினாங்க."

குரு சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தாலாவது தலைவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"பயிர் கருகுது. அத்தனை பயலுகள்ல ஒருத்தனுக்குக்கூட எழுத்துக் கூட்டத் தெரியலை. எங்க ஊர் ரத்தத்துலயே அறிவு இல்லையா சாமி?"

"ஊர்ல பள்ளிக்கூடம் இல்லையா?"

"ஏன் இல்லாம? ஊரே கல் சுமந்து கட்டினது. ஓட்டுக் கூரை!" அந்தத் துயரத்திலும் அவர் குரல் நிமிர்ந்துகொண்டது.

குரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பள்ளிக்கூடக் கதவு பூட்டிக் கிடந்தது. வெளியே புழுதியில் முப்பது பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆடுகள் நடுவில் புகுந்து ஓடின. பக்கத்துக் கொட்டகையில் எண்ணெய்ச் செக்கு விடாமல் கிறீச்சிட்டது. வாத்தியார், பாவம், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"கடைசி வரிசையில உட்காருங்க" என்றார் குரு.

தலைவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்தே விட்டார்.

"வாத்தியார் என்ன சொன்னார்?"

"காதுல விழுந்தால்ல சாமி. வெயில் வேற மண்டையைப் பிளக்குது."

"உள்ளே என்ன இருக்கு?"

தலைவர் மடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே குளுகுளுவென்றிருந்தது. கூடத்தை அடைத்துக்கொண்டு திருவிழாக் குதிரை வாகனம் நின்றது. போன மாதம் பூசிய வர்ணம் பளபளத்தது.

"ஒரு திருவிழா முடிஞ்சு, சும்மா பத்து நாளைக்குன்னு வச்சோம் சாமி. இருபத்தஞ்சு வருஷம் ஓடிப்போச்சு."

"வெளியே வைக்கலாமே?"

"ஐயையோ, நல்ல மரம் சாமி! வெயில்லயும் மழையிலயும் கிடந்தா ரெண்டே வருஷத்துல வெடிச்சு வீணாப் போயிரும்."

குரு வாசலில் வந்து நின்றார்.

"கைநாட்டு வச்ச பயலுக எங்கே படிச்சாங்க?"

"இங்கேதான்..." என்று புழுதியைக் காட்டிய தலைவரின் கை அப்படியே நின்றது.

"மரத்தைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க, தாண்டவராயரே" என்றார் குரு.