கத்தினால் மறுபடியும் போடலாம்

ரைஸ்மில் முதலாளி அருணகிரி ஊருக்குக் கூடைப்பந்து மைதானம் கட்டிக் கொடுத்தவர். அந்த மிதப்பில், அவர் மகள் ஆடும்போதெல்லாம் எதிரணிப் பிள்ளைகளைக் கத்தியே கலங்கடிப்பார்.

அன்றைக்கு இரண்டு பக்கமும் சமநிலை. கடைசி ஃப்ரீ த்ரோ எதிரணியில் ஆடிய என் மகள் தேன்மொழிக்கு. "ஏய், கை நடுங்குது பாரு" என்று அவர் கத்த, பந்து வெளியே போனது. பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

ரெஃப்ரி பவளக்கொடி ரேஷன் கடையில் எடை போடுகிறவள். விசில் ஊதி, "இன்னொரு தடவை போடும்மா" என்றாள்.

அருணகிரி எழுந்தார். "என் மைதானத்துல என் வாயை அடைக்க நீ யாரு?"

"அடைக்கலைங்கய்யா, தாராளமாக் கத்துங்க. நீங்க கத்திப் பந்து தவறினா பிள்ளை மறுபடி போடும், பிள்ளைங்க ஆட்டத்துல விதி அப்படி. உள்ள போற வரைக்கும் போடட்டும்."

அவர் மகள் கயல் இடுப்பில் கைவைத்துத் திரும்பினாள். "அப்பா, உக்காருங்க. நீங்களே எங்களைத் தோக்கடிச்சிடுவீங்க."

உட்கார்ந்தார். பந்து உள்ளே போனது.

பிள்ளைகளுக்கென்று கட்டிப்போன கொழுக்கட்டையோடு பவளக்கொடிக்கு நன்றி சொல்லப் போனேன். "அவரை உக்கார வச்சது கயல்தாங்க்கா, அவளுக்குக் கொடுங்க" என்றாள்.

கயலுக்கு மனசாரக் கொடுத்தேன். அவள் அப்பாவுக்கும் பெரிதாக ஒன்று கொடுத்தேன். அவர் அதை மென்று முடிக்கும்வரை மைதானமே அமைதியாக இருந்தது.