மாணிக்கவல்லியின் குரல்

“தாயே, இந்த மௌனம் எனக்கு வேண்டாம். நான் ஊருக்குப் போறேன்” என்றார் வைரவன்.

தலை முழுதும் நரைத்த சீடர் அவர். குரு நல்லம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். குரு ஆசிரமத்துப் படித்துறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“மௌனம் உங்களை என்னய்யா செஞ்சுது?”

“என் வீட்டுக்காரி குரலைத் தின்னுட்டுது.”

மாணிக்கவல்லி இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அவள் வைத்த குழம்பின் மணம் அவருக்கு நினைவிருந்தது. அவள் சொன்ன சொற்கள்கூட நினைவிருந்தன. ஆனால் இப்போதெல்லாம் அந்தச் சொற்கள் வைரவனின் சொந்தக் குரலிலேயே கேட்டன. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“ஊருக்குப் போனா கிடைச்சிடுமா?”

“அங்கே அவ புழங்கின அடுப்பாவது இருக்கு.”

“அடுப்பு பேசுமா?”

“கேலி பண்ணாதீங்க தாயே.”

“சரி. அந்த அம்மா உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டதை நினைச்சுப் பாருங்க.”

“பேரா! கட்டின புருஷன் பேரைச் சொல்லுவாளா? கோயில்ல வைரவரைக் கும்பிடும்போதுகூட ‘சாமி’ன்னு மட்டும்தான் சொல்லுவா.”

நல்லம்மை சிரித்துவிட்டார். கீரைத் தட்டோடு எழுந்தார்.

“ஆத்தைப் பார்த்து உட்காருங்க. போறதுக்கு முன்னாடி ஒரு மந்திரம் சொல்லித் தரேன்.”

வைரவன் உட்கார்ந்து கண்ணை மூடினார். தண்ணீர் சலசலத்தது. மந்திரம் வரக் காணோம்.

முதுகுக்குப் பின்னால், குடில் வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“க்கும்.”

“இதோ வந்துட்டேன்!”

துள்ளி எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, நாலு படி ஏறிவிட்டார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் குரு நின்றிருந்தார்.

வைரவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“இல்லை தாயே! அவ இப்படிக் கூப்பிட மாட்டா. இது கரகரன்னு இருக்கு. அவளோடது மெலிசு. அடுப்பங்கரையில கனைச்சா வாசல் வரைக்கும்தான் கேட்கும், தெருவுக்குப் போகாது. கடைசியில லேசா ஒரு இழுப்பு இருக்கும், மேலே தூக்கி...”

பாதியில் நிறுத்தினார். தலையைச் சற்றே சாய்த்தார்.

“மேலே தூக்கி? அப்புறம்?” என்று கேட்டார் குரு.

வைரவன் விரலை உதட்டில் வைத்து, பேசாதீர்கள் என்று ஜாடை காட்டினார்.