தாழில்லாத மடம்

கீழைத்துறையில் மனிதர்கள் இரண்டே வகை. அடைப்புக்காரர்கள், திறப்புக்காரர்கள். ஆற்றுத்துறையில் கதவு போட்டு, வருகிறவர்களைச் சோதித்துத்தான் ஊருக்குள் விட வேண்டும் என்பவர்கள் அடைப்புக்காரர்கள். வருகிறவர்களைத் தடுக்க அரசுக்கு உரிமையே கிடையாது என்பவர்கள் திறப்புக்காரர்கள். கல்யாணப் பேச்சுகூட அதைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்கும்.

அமைச்சர் எயினன் திறப்புக்காரர். துறைக் கதவைப் பெயர்த்து ஆற்றோடு விட்டுவிட்டுத்தான் அவருடைய கட்சி அரண்மனைக்குள் நுழைந்தது. 'வருகிறவருக்கு அடைக்காதே' என்று சுவருக்குச் சுவர் எழுதி வைத்தார்கள். அது எயினனின் குரு தாண்டவ அடிகள் சொன்ன வார்த்தை. அடிகளின் மடத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

விடிந்தால் மாட்டுச் சந்தை. அக்கரையில் வண்டிகள் வந்து குவிந்துவிட்டன. அங்கே வாந்திபேதி பரவுகிறது என்று பேச்சு. படகுகளை நிறுத்துங்கள் என்று வைத்தியர் ஒருவர் சபையில் எழுந்து சொன்னார். எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. "நீர் எந்தக் கட்சி?" என்றுதான் கேட்டார்கள். முதலில் கேட்டவர் எயினன். வைத்தியர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வெளியேறினார்.

அவர் பேசாமல் போனதுதான் எயினனை உறுத்திக்கொண்டே இருந்தது. அடிகள் வாயால் ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், நிம்மதியாகப் படகுகளை விடலாம். பொழுது சாயும் நேரத்தில் மடத்துக்குப் போய்க் கதவைத் தள்ளினார்.

கதவு நகரவில்லை. உள்ளே கல்லை உருட்டி முட்டுக் கொடுத்திருந்தது.

"அடிகளே, நான் எயினன்."

"தெரிகிறது. கூப்பிடாமல் தள்ளுகிறவன் நீ ஒருவன்தானே."

"மடத்தை அடைத்திருக்கிறீர்களே! அடைப்புக்காரர்கள் பார்த்தால் மேளம் கொட்டி ஊர்வலம் போவார்கள்."

"போகட்டும். கொஞ்சம் எட்டியே போகச் சொல்."

எயினனுக்குச் சிரிப்பு வரவில்லை. "வருகிறவருக்கு அடைக்காதே என்று சொன்னது நீங்கள்."

"நான்தான். எப்போது சொன்னேன்?"

"வெள்ளத்தின்போது. கரை உடைந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். சோறு போதாது என்று நான் கதவை மறித்து நின்றேன்."

"சோறு போதுமானதாக இருந்ததா?"

"இல்லை. அரை வயிறுதான். ஆனால் எல்லோரும் பிழைத்தார்கள்."

"வெள்ளம் வடிந்துவிட்டது, எயினா."

உள்ளே யாரோ குமட்டும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து நீண்ட முனகல். எயினன் ஓரடி பின்வாங்கினார். பின்வாங்கியது அவருக்கே தெரிந்தது.

"யார் அது?"

"அக்கரை மாட்டு வியாபாரிகள். சந்தைக்கு முந்திக்கொண்டு நேற்றே வந்துவிட்டார்கள். வாருங்கள் என்றேன். அவர்கள் உள்ளே வந்த பிறகு அடைத்தேன். ஒருவர் மதியம் கண்ணை மூடிவிட்டார்."

"நீங்களாவது வெளியே வந்திருக்கலாமே!"

"மற்றவருக்குக் கஞ்சித் தண்ணீர் யார் கொடுப்பது?"

எயினன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். "பேதி என்பதே அடைப்புக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்று சபையில் பேசிவிட்டேன். சொல்ல வந்த வைத்தியரிடம் கட்சி கேட்டு அனுப்பிவிட்டேன்."

"இவரிடமும் வந்து சொல்லிப் பார். கதைதான் என்று தெரிந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்."

ஆற்றுப் பக்கம் படகோட்டிகள் விடியலுக்காகப் படகுகளை வரிசையாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் மாட்டு மணிகள் ஓயவில்லை.

"இன்று துறையை அடைத்தால், அவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அரசர் என்னை வைத்திருக்க மாட்டார். எங்கள் ஆட்களே என்னைக் கிழித்துப் போடுவார்கள்."

"ஆமாம்."

"ஆமாமா? இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"கிழிப்பார்கள்தான். இல்லை என்று நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?"

எயினன் அக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அடைத்துவிட்டால் அக்கரையில் கிடக்கிறவர்களுக்கு யார்?" என்றார்.

"உன் வைத்தியரைக் கூப்பிடு. முதல் படகில் அவர் அக்கரைக்குப் போகட்டும். அரிசியும் விறகும் கூடப் போகட்டும்."

"போகலாம். ஆனால் ஊரே திரண்டு வந்து என்னைக் கேட்கும். அடைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாயே, எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடைத்தாய் என்று கேட்கும். என்ன பதில் சொல்வேன்?"

 உள்ளே பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம். "ஒரு வாய்... இன்னும் ஒரே ஒரு வாய் குடி அப்பா" என்று அடிகள் யாரையோ கெஞ்சுவது கேட்டது. எயினன் காத்து நின்றார். பிறகு குரல் கதவருகே வந்தது.

"கேட்பதற்கு அவர்கள் இருக்கட்டும், எயினா."