வெண்ணுரை ஆற்றில் இறங்கிய கதை

எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஆறுகளுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலத்தில் நடந்தது இது. அப்போது மணிக்குன்றம் என்ற சிறு நாட்டை இளவேளன் என்ற அரசர் ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் அவசரக்காரர்.

அந்த நாட்டின் நடுவே செவ்வாறு ஓடியது. ஆற்றுக்கு நடுவில் ஒரு மேட்டுத்திட்டு. கோடைக்காலத்தில் அங்கே புல் இடுப்பளவு வளரும். பூதன் என்ற இடையன் தன் குடும்பத்தையும் எருமைகளையும் கூட்டிக்கொண்டு ஆண்டுதோறும் அங்கே போய்த் தங்குவான்.

அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. ஒரே காலைப்பொழுதில் ஆறு பொங்கிவிட்டது. திட்டில் ஒன்பது பேர் மாட்டிக்கொண்டார்கள். அதில் மூன்று பேர் குழந்தைகள். கரையிலிருந்து பார்த்தால் அவர்கள் கைகளை ஆட்டுவது தெரியும். கத்துவது மட்டும் காதில் விழாது.

பரிசல் விட்டார்கள், சுழலில் சிக்கிக் கவிழ்ந்தது. நீச்சல்காரர் இருவர் குதித்தார்கள். வெகு தொலைவுக்கு அடித்துச் செல்லப்பட்டு, உயிரோடு கரையேறியதே பெரிது. ஒரு கயிற்றை மட்டும் திட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும். அதைப் பிடித்துப் பரிசலை இழுத்துவிடலாம். அந்த வெள்ளத்தை எதிர்த்து நீந்தும் வலு ஒரே ஓர் உயிருக்குத்தான் இருந்தது. அது வெண்ணுரை, அரசரின் வெள்ளைக் குதிரை.

ஆனால் வெண்ணுரைக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம்.

முதல் நாள், குதிரை லாயத்தின் தலைவர் வீரசிங்கர் சவுக்கோடு வந்தார். "அடிக்குப் பயந்தால் ஆற்றுக்குப் பயப்படாது" என்றார். அடித்தார். குதிரை பின்னங்காலில் எழுந்தது, கயிற்றை அறுத்தது, லாயத்துக்கே ஓடிப்போனது.

இரண்டாம் நாள், அமைச்சர் ஒரு கூடை வெல்லத்தோடு வந்தார். தண்ணீர் ஓரம்வரை வெல்லக்கட்டிகளை வரிசையாக வைத்தார். குதிரை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்தது. கடைசிக் கட்டி தண்ணீருக்குள் இருந்த பாறைமேல் இருந்தது. குதிரை அதைப் பார்த்தது, தண்ணீரைப் பார்த்தது, திரும்பி நடந்துவிட்டது.

மூன்றாம் நாள் திட்டின் பாதி நீருக்குள் போய்விட்டது. அரசர் கரையில் நின்றவர்களைச் சுற்றிப் பார்த்தார். "இனி யாரிடம் கேட்பது?" என்றார்.

"என்னிடம் கேளுங்கள் அரசே" என்று ஒரு குரல் வந்தது.

லாயத்துக்குப் புல் அறுத்துப் போடும் அல்லியம்மை அவள். தலையில் புல்லுக்கட்டை வைத்தபடியே நின்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் வீரசிங்கர்.

"குதிரையேற்றம் தெரியாதுங்க ஐயா. ஆனால் இந்தக் குதிரைக்கு என்ன வேண்டும் என்று தெரியும். இது பிறந்த அன்றே தாய் செத்துப்போனது. பூதனுடைய எருமை காரியின் பாலைக் கொடுத்து நான்தான் வளர்த்தேன். இன்றைக்கும் காரியைக் கண்டால் ஓடிப்போய் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொள்ளும். அந்தக் காரி இப்போது கன்றோடு திட்டில்தான் நிற்கிறது. கன்றை விட்டு அது வராது. மூன்று நாளாக வெண்ணுரை கனைப்பது வலியால் என்றா நினைத்தீர்கள்? காரியைக் கூப்பிடுகிறது."

"இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?" என்றார் அரசர்.

"சொல்ல வந்தேன். தள்ளி நில் என்றார்கள்."

வீரசிங்கர் தரையைப் பார்த்தார்.

அல்லியம்மை திட்டை நோக்கி ஒரு வெள்ளைத் துணியை ஆட்டி, கையைக் கொம்புபோல் தலையில் வைத்துக் காட்டினாள். பூதன் புரிந்துகொண்டான். காரியைத் திட்டின் ஓரத்துக்கு ஓட்டிவந்து நிறுத்தினான்.

குதிரையின் மார்புப்பட்டையில் கயிற்றைக் கட்டினார்கள். அல்லியம்மை கடிவாளத்தைக் கழற்றி எறிந்தாள்.

"இழுக்காதீர்கள். விரட்டாதீர்கள். சும்மா நில்லுங்கள்" என்றாள்.

வெண்ணுரை காரியைப் பார்த்தது. காது நிமிர்ந்தது. குளம்பு நனையும்வரை இறங்கியது. நடுங்கியது. திரும்பிவிட்டது. அவள் அதைப் போகவிட்டு, கழுத்தைத் தடவினாள்.

மறுபடி இறங்கியது. முழங்கால்வரை. திரும்பியது. போகவிட்டாள்.

அரசர் பொறுக்க மாட்டாமல், "பெண்ணே, அங்கே உயிர் போகிறது! ஏன் திரும்ப விடுகிறாய்?" என்று கத்தினார்.

"திரும்பலாம் என்று தெரிந்தால்தான் அரசே, அது அடுத்த அடி வைக்கும்."

மூன்றாம் முறை மார்புவரை இறங்கியது. அந்த நேரம் பார்த்து காரி அடித்தொண்டையிலிருந்து வெள்ளத்தின் இரைச்சலையும் மீறி நீளமாக ஒரு குரல் கொடுத்தது. வெண்ணுரை பதிலுக்குக் கனைத்தது. அதன் கால்கள் தரையை விட்டன. நீந்தத் தொடங்கியது!

நடு ஆற்றில் ஒரு மரக்கிளை வந்து மோதியது. குதிரை தலையைக் கரைப்பக்கம் திருப்பியது. பழக்கத்தில் வீரசிங்கரின் கை சவுக்கை ஓங்கியது. அல்லியம்மை அவரைப் பார்த்தாள். அவர் சவுக்கைக் கீழே போட்டுவிட்டு, கயிறு இறுகாமல் இருக்க இரண்டு கையாலும் தளர்த்தி விட்டார்.

காரி மீண்டும் கத்தியது. குதிரை திட்டுப்பக்கம் திரும்பியது. நீந்தியது. நீந்தியது. திட்டில் கால் பதித்தது.

பூதன் கயிற்றை அவிழ்த்து, திட்டில் நின்ற அரசமரத்தில் கட்டினான். அந்தக் கயிற்றைப் பிடித்தே கனத்த வடம் போனது, வடத்தைப் பிடித்துப் பரிசல் போனது. மூன்று நடையில் ஒன்பது பேரும் கரை சேர்ந்தார்கள். கடைசிக் குழந்தையை அரசரே பரிசலிலிருந்து தூக்கிக் கரையில் வைத்தார். சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பூதனின் மனைவி குழந்தைகளை எண்ணினாள். மூன்று. மறுபடி எண்ணினாள். மூன்றேதான்.

நல்லவேளையாக மழையும் அன்று மாலையே ஓய்ந்தது. திட்டின் உச்சி முழுகவில்லை. வெண்ணுரையை அரசர் கூப்பிட்டுப் பார்த்தார், வீரசிங்கர் கூப்பிட்டுப் பார்த்தார். அது திட்டிலேயே எருமைகளுக்கு நடுவில் நிம்மதியாகப் புல் மென்றுகொண்டு நின்றது. நான்கு நாள் கழித்து வெள்ளம் வடிந்தபோது, காரி முன்னே வர, கன்று நடுவே வர, வெண்ணுரை பின்னே வந்தது. முழங்கால் தண்ணீரில் அது சளப் சளப்பென்று நடந்துவந்ததைப் பார்க்க ஊரே கரையில் கூடியிருந்தது.

வீரசிங்கர் அல்லியம்மையிடம் வந்தார். "அம்மா, லாயத்தில் இன்னும் நான்கு குதிரைகள் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது" என்றார்.

"வாருங்கள் ஐயா, போய்ப் பார்ப்போம்" என்றாள் அவள்.

கேட்டவர்களே, கதை சொல்லும் நீதி இதுதான்: பிற உயிரை நம் விருப்பத்துக்கு இழுப்பதை விட்டு, அதன் மனத்தில் உள்ள விருப்பத்தை அறிந்து வழிவிட்டால், அது அச்சத்தையும் தானே கடந்து போகும்.